வானலைகளின் ஒத்திகை

தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ஊரோடு உள்ள உறவில் பெரும்பகுதி குரலின் வழியே நடைபெறுவது. 1990-ஐ அடுத்த ஆண்டுகளில், சிறு பிராயத்தில், திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஓர் எஸ்.டி.டி. பூத்தின் முன்னே தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு இரவு நேரத்தில் வரிசையில் நின்றது நமக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரவு முற்றிய பின்னரே கட்டணம் குறையும். ஆகவே வரிசையும் அப்பொழுதுதான் நீளும். முன்னே நிற்பவர் பேசி முடிக்க எவ்வளவு நேரமாகும், பின்னே இன்னும் எத்தனை பேர் வந்து சேர்வர் என்பதை ஒருவரும் அறியார். இன்று அந்த வரிசை இல்லை. பாட்டியின் முகத்தையே கைபேசியில் கண்டு உரையாடுகிறோம். இம்மாறுதலுக்குக் காரணமான கோபுரங்களும் கருவிகளும் யாவர் கண்ணுக்கும் தெரிவன. கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்றும் அவற்றின் பின்னே இருக்கிறது. புதிய கம்பியில்லா வலையமைப்பு ஒன்று மண்ணில் எழுமுன்னர், கணினியினுள் எண்களால் கட்டப்பட்டு, மீண்டும் மீண்டும் சோதிக்கப்படுகிறது. அவ்வேலையின் வரலாற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நமது தொழில் மொழிபெயர்ப்பு. அரசாங்க ஏடுகளில் ‘சிமுலேஷன்’ என்னும் சொல் வரும்போதெல்லாம் சற்றே தயங்குவது வழக்கம். ‘பாவனை’ என்றால் பொய்ம்மை தொனிக்கிறது. ‘ஒப்புருவாக்கம்’ என்பது பிழையற்ற சொல்லே. ஆயினும் கேட்போர் மனத்தில் படம் எழுவதில்லை. நாடகக்காரர்களிடம் உள்ள ‘ஒத்திகை’ என்னும் சொல்லே பொருளை நன்கு விளக்குவதாக நமக்குத் தோன்றுகிறது. மேடை ஏறுமுன் குறைகளைக் கண்டு திருத்துவது ஒத்திகையின் பயன். கோபுரத்தைக் கட்டிய பிறகு குறை கண்டால் செலவழிந்த பணம் திரும்பாது. எண்களால் கட்டிய கோபுரத்தையோ விசைப்பலகையின் ஓர் அழுத்தத்தில் இடம் மாற்றிவிடலாம்.

இவ்வொத்திகை நடைபெறும் முறை எளிதில் விளங்கக் கூடியதே. தேன்கூட்டின் அறைகளைப்போல நிலப்பரப்பை அறுகோணங்களாகப் பகுப்பர். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த பொது முறையில் 19 கோபுரங்கள் இருக்கும். ஒவ்வொரு கோபுரமும் மூன்று திசைகளை நோக்கி அலை பரப்பும். ஆகப் பிரிவுகள் 57. ஒவ்வொரு பிரிவிலும் பத்துப் பேரைத் தாயக்கட்டை உருட்டுவதுபோலக் கணினி தற்செயலாக எங்கேனும் நிறுத்தும். வீட்டினுள் இருப்பவர் சிலர், தெருவில் நடப்பவர் சிலர், வண்டியில் செல்பவர் சிலர். ஒவ்வொருவரிடமும் வந்து சேரும் அலையின் வலிமை எவ்வளவு, அண்டைக் கோபுரங்களின் குறுக்கீடு எவ்வளவு, எவருக்கு எந்த நொடியில் முறை கொடுப்பது என்று கணக்கிடும். பின்பு அனைவரையும் கலைத்து, வேறு இடங்களில் நிறுத்தி, மீண்டும் தொடங்கும். இவ்வாறு பன்முறை செய்து பார்த்தால், நடுத்தரமான மனிதனுக்கு என்ன கிடைக்கும், மிகவும் பின்தங்கிய இடத்தில் நிற்பவனுக்கு என்ன கிடைக்கும் என்னும் இரண்டு விடைகளும் கிட்டும். இவற்றுள் இரண்டாவது விடையே ஒரு வலையமைப்பின் நேர்மையைக் காட்டுவது என்பது நமது கருத்து.

இக்கலையின் வேர்கள் கணினிக்கும் முற்பட்டவை. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய அக்னர் கிராருப் எர்லாங் என்னும் கணித அறிஞர் 1909-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எவர் எப்பொழுது அழைப்பார் என்பது தனித்தனியே எவருக்கும் தெரியாது; ஆயினும் அழைப்போர் தொகை பெருகும்போது அத்தற்செயலுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை அவர் நிறுவினார். எத்தனை கம்பிகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும் என்பதை 1917-இல் சூத்திரமாகவே தந்தார். சாலைக் கடைத்தெருவில் நாம் நின்ற வரிசைக்கும் அந்தக் கணிதம் பொருந்தும். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகு இன்றும் ‘எர்லாங்’ என்றே வழங்குகிறது.

சூத்திரத்தில் அடங்காத சிக்கல்கள் பல உண்டு. அவற்றுக்கு வழி காட்டியது சீட்டாட்டம் என்றால் வியப்பாக இருக்கும். 1946-இல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் என்னும் அறிஞர் தனியே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றியில் முடியும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முயன்றார், இயலவில்லை. நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் என்ன என்ற எண்ணம் உதித்தது. அவரும் ஜான் வான் நாய்மனும் அதனை அணு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினர். சூதாட்டத்துக்குப் பேர்போன நகரின் பெயரால் அது ‘மான்டி கார்லோ முறை’ எனப்பட்டது. 1960-களில் நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்டு ஆகிய இருவரும் ஒத்திகைக்கென்றே ‘சிமுலா’ என்னும் கணினிமொழியைப் படைத்தனர். இன்று வழங்கும் கணினிமொழிகள் பலவற்றுக்கு அது மூதாதை.

கணினி வலையமைப்புகளை ஒத்திகை பார்க்கும் மென்பொருள்களின் வரலாற்றில் ஓர் இந்தியரின் பெயரும் இடம்பெறுகிறது. தில்லி ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் சென்ற எஸ். கேசவ் 1980-களின் இறுதியில் ‘ரியல்’ என்னும் மென்பொருளை எழுதினார். அதிலிருந்து கிளைத்ததே ‘என்.எஸ்.’ என்னும் மென்பொருள் வரிசை. 2008-இல் அடியோடு புதிதாக எழுதி வெளியிடப்பட்ட ‘என்.எஸ்.-3’ இன்று உலகெங்கும் மாணவர்களின் கையில் இருக்கிறது. நான்காம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்புகளை ஒத்திகை பார்க்கும் பகுதிகளும் அதனோடு பின்னர் சேர்ந்தன.

கணக்கு முறை கிடைத்துவிட்டது, கணினியும் கிடைத்துவிட்டது. ஆனால் கணக்கில் இடவேண்டிய எண்கள் எங்கிருந்து வந்தன? இக்கேள்வியே நமது பொருளுக்கு உயிர்நிலை. வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகும். வீடும் மேடும் மரமும் நிறைந்த மண்ணுலகில் அவ்வளவு தயவு இல்லை. யோஷிஹிசா ஓகுமுரா என்னும் ஜப்பானிய அறிஞரும் அவர் குழுவினரும் டோக்கியோ நகரிலும் சுற்றுப்புறத்திலும் ஊர்தியில் கருவிகளோடு சென்று அலைகளை அளந்து 1968-இல் வெளியிட்டனர். மசாஹரு ஹாட்டா 1980-இல் அவ்வளவுகளைச் சூத்திரங்களாகச் சுருக்கினார். அச்சூத்திரப்படி, 30 மீட்டர் உயரமுள்ள கோபுரத்திலிருந்து தூரம் இரட்டித்தால் அலையின் வலிமை ஏறக்குறையப் பதினொன்றில் ஒரு பங்காகக் குன்றிவிடும். உலகெங்கும் பொறியாளர்கள் பல்லாண்டு கையாண்ட சூத்திரம் இது. நகரம், புறநகர், திறந்தவெளி என்ற பாகுபாடுகள் அதில் உண்டு. தென்னந்தோப்புக்கென்று ஒரு வரி அதில் இல்லை. டோக்கியோவில் எடுத்த அளவில் அது எவ்வாறு இருக்கும்?

ஒரு நாட்டுக்குரிய அளவை அந்நாட்டிலேயே எடுக்கவேண்டும் என்னும் கொள்கை திருவனந்தபுரத்துக்குப் புதியதன்று. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-இல், இங்கே வானாராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் பூமியின் காந்தசக்தியை அளப்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். நகரில் எடுக்கும் அளவு மட்டும் அவருக்கு நிறைவு தரவில்லை. தமிழ் முனிவர் உறையும் இடமென்று நாம் போற்றும் அகத்திய மலையின் உச்சியில், 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், 1855-இல் மற்றொரு நிலையத்தை அமைத்தார். காட்டுவழியே கருவிகளைச் சுமந்துசென்ற கூலியாட்களின் பாட்டை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. தாழ்ந்த இடத்திலும் உயர்ந்த இடத்திலும் அளவுகளை எடுத்து ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது என்பது அவர் துணிபு.

அந்தக் காந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியே தும்பா எனலாம். பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வது பற்றியே, விக்கிரம் சாராபாயும் அவர் துணைவர்களும் திருவனந்தபுரத்தை அடுத்த அந்த மீனவர் கிராமத்தைத் தேர்ந்தனர். மரிய மதலேனாள் பெயரால் அமைந்த தேவாலயம் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் வானில் ஏறியது. வானொலி அலைகளை வளைத்தும் திருப்பியும் விளையாடும் அயனிமண்டலத்தை நேரே சென்று அளக்கும் முயற்சி தொடங்கியது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வானொலி நிலையம் 1943-இல் இந்நகரில் தொடங்கி, 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். அலை என்பது இந்நகரத்தாருக்குக் கடலில் மட்டும் உள்ளதன்று.

இம்மாவட்டத்தின் நிலவமைப்பைச் சற்று நோக்குவோம். மேற்கே கடல், அதனை அடுத்துத் தென்னஞ்சோலை, பிறகு செம்பாறை மேடுகளும் இடையிடையே தாழ்ந்த வயல்களும், கிழக்கே பொன்முடியும் அகத்திய மலையும். வீடுகள் தமிழ்நாட்டுக் கிராமங்களைப்போல ஓரிடத்தில் கூடி நிற்பதில்லை. ஊருக்கு ஊர் எல்லை தெரியாதபடி தோட்டங்களின் நடுவே பரந்து கிடக்கின்றன. ஆண்டில் இருமுறை பருவமழை. கைபேசிகள் இதுகாறும் மிகுதியாகக் கையாண்ட அலைவரிசைகளை மழைநீர் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகளிலோ பெருமழை கணிசமாகக் குறுக்கிடும். 2022-இல் ஏலம் விடப்பட்டவற்றுள் 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் ஒன்று. ஆகவே இங்கே ஒத்திகை பார்ப்பவர் மழையையும் மரத்தையும் மேட்டையும் மேடையேற்ற வேண்டியவராகிறார்.

இதற்கு நம் அனுபவத்தில் கண்ட சான்று ஒன்று உண்டு. பொன்முடி அடிவாரத்தில் விதுரைப் பக்கம் நம் உறவினர் ஒருவர் குடியிருக்கிறார். அவர் வீடு ஒரு மேட்டின் கீழ்ச்சரிவில் இருக்கிறது. கைபேசி நிறுவனம் ஒன்றின் படத்தில் அவ்வூர் முழுவதும் பச்சை வண்ணம் தீட்டப்பட்டுச் சேவை உண்டு என்று காட்டியது. அவரோ மதுரையில் படிக்கும் மகளோடு பேசவேண்டுமானால் ரப்பர் தோட்டத்தின் நடுவே உள்ள பாறைமீது ஏறி நிற்பார். ஒரு மழைநாளில் மகளுக்குக் காய்ச்சல் என்ற செய்தி வந்தது. பாறை வழுக்கியது, இரவு முழுவதும் அவரால் திரும்பப் பேச இயலவில்லை. மறுநாள் காலையில் பேருந்து ஏறி மதுரைக்கே போய்விட்டார். மகளுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான். படத்தை வரைந்தவரைப் பொய்யர் என்று சொல்ல நாம் முற்படவில்லை. அவர் கணினியில் அந்த மேடு தட்டையாக இருந்திருக்கலாம். தோட்டம் வெற்றிடமாக இருந்திருக்கலாம். ஒத்திகையில் இல்லாத மேடு வாழ்க்கையில் இருந்தது, அவ்வளவே.

ஓர் ஊருக்கு நேர்ந்த இக்குறை ஒரு நாட்டுக்கே நேர இருந்த கதை அடுத்து வருகிறது. ஐந்தாம் தலைமுறைக் கைபேசிக்குத் தகுதி பெற விரும்பும் எந்தத் தொழில்நுட்பமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒத்திகைகளில் தேறவேண்டும். அவற்றுள் கிராமப்புறத்துக்கென வகுத்த ஒத்திகையில் கோபுரத்துக்குக் கோபுரம் 1,732 மீட்டர் தூரம் என்று கொள்ளப்பட்டது. ஊர்திகள் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் விரைவதாகவும் கொள்ளப்பட்டது. அகன்ற நெடுஞ்சாலைகளும் நெருங்கிய கோபுரங்களும் உள்ள செல்வ நாடுகளின் கிராமம் அது. நம் கிராமத்தில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது எது?

இந்தியத் தொலைத்தொடர்புத் தரநிர்ணயச் சங்கத்தின் வாயிலாக நம் நாட்டு அறிஞர்கள் இதனை எடுத்துரைத்தனர். சென்னை ஐ.ஐ.டி.யையும் அதனைச் சார்ந்த கம்பியில்லாத் தொழில்நுட்ப மையத்தையும் ஹைதராபாத் ஐ.ஐ.டி.யையும் சேர்ந்தோர் இம்முயற்சிகளில் முன்நின்றனர். கண்ணாடி இழைக் கம்பி வந்து சேரும் பஞ்சாயத்து அலுவலகத்தில் கோபுரம் ஒன்று. சுற்றியுள்ள சிற்றூர்கள் யாவற்றுக்கும் அதுவே துணை. ஆகவே கோபுரங்களுக்கிடையே தூரம் 6,000 மீட்டர். மக்களுள் பெரும்பாலோர் வீட்டில் இருப்பர் அல்லது நடப்பர். வண்டியின் வேகம் 30 கிலோமீட்டர். இதுவே அவர்கள் முன்வைத்த ஒத்திகை. நீண்ட விவாதத்துக்குப் பின் 2017-இல் ஒன்றியத்தின் நெறிமுறைகளில் இது சேர்க்கப்பட்டது.

இவ்விரண்டு எண்களின் வேறுபாட்டைக் கணக்கிட்டால் பொருள் விளங்கும். 1,732 மீட்டர் இடைவெளியில் ஒரு கோபுரம் காக்கவேண்டிய பரப்பு ஏறக்குறைய 2.6 சதுர கிலோமீட்டர். 6,000 மீட்டர் இடைவெளியில் அது 31 சதுர கிலோமீட்டர். அதாவது பன்னிரண்டு மடங்கு. எல்லைக்கோட்டில் நிற்பவரை அடையும் அலையோ, முன்பு சொன்ன சூத்திரப்படி, எழுபது எண்பது மடங்கு குன்றிப்போகும். கைபேசியின் மெலிந்த குரல் அவ்வளவு தூரத்திலிருந்து கோபுரத்தை எட்டுவதே அரிது. ஆகையால் அக்குரலை உரத்து எழுப்பும் அலைமுறை ஒன்றையும் நம் அறிஞர்கள் வகுத்தனர். ‘5ஜிஐ’ என்னும் பெயரில் அது சர்வதேச ஏற்பைப் பெற்று, பின்னர் உலகப் பொதுத் தரத்தோடு இணைக்கப்பட்டது. எண் ஒன்றை மாற்றியதால் கோபுரங்கள் உடனே முளைத்துவிடா. ஆனால் இந்தியக் கிராமத்தையொத்த ஓர் ஊர் உலகத்தின் ஒத்திகையில் இடம்பெற்றுவிட்டது. அதனைப் புறக்கணித்துவிட்டு இனி ஒருவர் தேர்ச்சி பெற்றதாகக் கூற இயலாது.

கிராமம் இடம்பெற்றது, கடல் இடம்பெற்றதா? ஒன்றியத்தின் அந்த ஒத்திகைகள் கட்டடத்தின் உட்புறம், நெருங்கிய நகரம், பெருநகரம், கிராமம் ஆகியவற்றைக் களமாகக் கொண்டவை. கடல் அவற்றில் இல்லை. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிமுனையை அடுத்த கடலில் சீறியபோது, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களையும், குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களையும் சேர்ந்த மீனவர் பலர் ஏற்கனவே ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை கரையை எட்டியது. கைபேசி அலையின் எல்லை கடந்தவர்களை எட்டவில்லை. இரு மாநிலங்களிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அல்லது திரும்பவேயில்லை. மலையாளம் பேசும் கரையும் தமிழ் பேசும் கரையும் ஒரே துயரில் அழுதன. கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரியில் உள்ள அமிர்தா பல்கலைக்கழகத்தார் படகுகளுக்கெனவே ‘ஓஷன்நெட்’ என்னும் நெடுந்தூர வலையமைப்பை உருவாக்கிக் கடலில் சோதித்துள்ளனர். அலையில் ஆடும் படகில் அலைவாங்கியும் ஆடும். அந்த ஆட்டமும் கணக்கில் வரவேண்டும். 2019-இல் மத்திய அரசு ‘ஜெமினி’ என்னும் சிறு கருவியை அறிமுகப்படுத்தியது. செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையை அது கைபேசிக்குச் சேர்ப்பிக்கும். மீனவர் அதில் செய்தியைப் பெறலாம். மறுமொழி சொல்ல அதில் வழியில்லை.

இவ்வொத்திகை வல்லுநர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டியதில்லை. ‘என்.எஸ்.-3’ எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்தி வழங்கத்தக்க மென்பொருள். அவ்வகை மென்பொருள்களைப் பரப்பும் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கப்பெற்றதும் திருவனந்தபுரத்திலேயே. 1990-இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க்கும், 1939-இல் தோன்றிய பொறியியல் கல்லூரியும் இந்நகரில் உள்ளன. தன் ஊரின் மேட்டையும் தோப்பையும் அளந்து கணக்கில் இடுவதற்கு ஒரு மாணவனுக்கு இன்று சாதாரணக் கணினி ஒன்றும் பொறுமையும் போதும். ஆனால் அளந்தே தீரவேண்டும். ஒத்திகை எவ்வளவு நேர்த்தியானதாயினும், ஊர்தியில் கருவியோடு சென்று உண்மை அலையோடு ஒப்பிட்டுப் பாராதவரை அது மதிப்பீடே. புரூன் மலையேறியதன் பொருளும் அதுதான்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்களுக்கு இவ்வரலாற்றினால் ஒரு பயன் உண்டு. தார்வாரிலோ ஜாம்ஷெட்பூரிலோ இருந்துகொண்டு ஊருக்குப் பேசும்போது தொடர்பு அறுந்தால், வானத்தையும் விதியையும் நோவதோடு நின்றுவிடுகிறோம். இனி ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த வலையமைப்பை ஒத்திகை பார்த்தபோது நம் ஊரின் மேடும் மரமும் கடலும் கணக்கில் இருந்தனவா? இல்லையெனில் அவற்றைச் சேர்க்கும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. 1,732 என்னும் எண்ணை 6,000 என்று மாற்றச் செய்தவர்களும் அக்கேள்வியையே கேட்டனர்.